தடகள அணி மேலாளர்: பணியும் ஓய்வும்

வீரரின் உடலைத் தயார்செய்பவர் பயிற்சியாளர். அந்த வீரர் களத்தில் இறங்கும் உரிமையைக் காப்பவர் அணி மேலாளர். இப்பணியில் திறமை வெளியே தெரிவதில்லை, பிழை மட்டும் உலகுக்கே தெரிந்துவிடுகிறது.

மேலாளரின் வேலை பெரும்பாலும் தாளும் கடிகாரமும் சார்ந்தது. ஒரு வீரர் பங்கேற்பார் என்று இறுதி உறுதி கொடுத்தபின் அவர் களமிறங்கத் தவறினால், தொடரோட்டம் உட்பட அந்தப் போட்டியின் எஞ்சிய நிகழ்ச்சிகளிலிருந்தும் விலக்கப்பட நேரும். தொடரோட்டத்தில் ஓடும் நால்வர் யார், எந்த வரிசையில் ஓடுவர் என்பதை, அழைப்பு அறைக்கான முதல் அழைப்புக்கு ஒரு மணி நேரத்துக்கு முன்பே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். முடிவு குறித்து ஆட்சேபம் இருந்தால், முடிவு அறிவிக்கப்பட்ட 30 நிமிடங்களுக்குள் நடுவரிடம் முறையிடலாம். அவர் தீர்ப்பிலும் நிறைவு இல்லையெனில் மேல்முறையீட்டுக் குழுவுக்கு எழுத்து மூலம், 100 டாலர் வைப்புத்தொகையுடன் செல்ல வேண்டும். அந்தப் பணத்தைச் சட்டைப்பையில் தயாராக வைத்திருப்பதும் மேலாளர் வேலைதான்.

காலம் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு 1972 மியூனிக் ஒலிம்பிக்கை மிஞ்சிய சான்று இல்லை. அமெரிக்காவின் எடி ஹார்ட், ரே ராபின்சன் இருவரும் தகுதித் தேர்வில் 100 மீட்டரை 9.9 நொடியில் ஓடி உலக சாதனையைச் சமன் செய்திருந்தவர்கள். ஆகஸ்ட் 31 காலை முதல் சுற்றில் எளிதாகத் தேறினர். காலிறுதி மாலை 4.15 மணிக்கு. ஆனால் குறுந்தொலைவுப் பயிற்சியாளர் ஸ்டான் ரைட் கையில் இருந்ததோ பழைய கால அட்டவணை. பேருந்துக்குக் காத்திருந்த வேளையில், ஒரு தொலைக்காட்சித் திரையில் ஓட்டக்காரர்கள் வரிசையில் நிற்பதைக் கண்டனர். காலை ஓட்டத்தின் மறுஒளிபரப்பு என்றே முதலில் நினைத்தார்கள், அது நேரலை. காரில் விரைந்தும் ஹார்ட்டும் ராபின்சனும் பிந்திவிட்டனர். மூன்றாமவரான ராபர்ட் டெய்லர் மட்டும் கடைசி நொடியில் சேர்ந்து ஓடி, இறுதியில் சோவியத் வீரர் வலேரி போர்சோவுக்கு அடுத்து வெள்ளி வென்றார். ரைட் பழியைத் தாமே ஏற்றார். ஹார்ட்டுக்குத் தொடரோட்டத் தங்கமாவது கிடைத்தது. ராபின்சனுக்கு அதுவும் இல்லை.

1960 ரோம் ஒலிம்பிக்கில் சூரினாம் நாட்டு விம் எசாயாஸுக்கு நேர்ந்தது இதைவிடக் கொடியது. 800 மீட்டர் தகுதிச் சுற்று காலையில் நடந்தது. அது பிற்பகலில் என்று அவருக்குச் சொல்லப்பட்டிருந்தது. தூங்கிப் போட்டியைத் தவறவிட்டவர் என்ற அவப்பெயரை அவர் பல்லாண்டுகள் சுமந்தார். தவறு நிர்வாகியுடையது என்று அந்நாட்டு ஒலிம்பிக் குழு 2005இல்தான் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. அதே ஆண்டில் அவர் காலமானார்.

இன்று கால அட்டவணை கைப்பேசியிலேயே வந்துவிடுகிறது. ஆபத்து வேறு இடத்துக்கு நகர்ந்திருக்கிறது. 2021 டோக்கியோ ஒலிம்பிக்கில் நைஜீரியாவின் 10 தடகள வீரர்கள் தகுதி இழந்தனர். போட்டிக்கு முந்தைய 10 மாதங்களில் முன்னறிவிப்பற்ற ஊக்கமருந்துச் சோதனை மூன்று முறை நடந்திருக்க வேண்டும் என்ற விதி நிறைவேறவில்லை. 2024 பாரிஸில் அதே நாட்டின் ஃபேவர் ஒஃபிலியின் பெயர் 100 மீட்டருக்குப் பதிவாகவே இல்லை. இரண்டிலும் வீரர்களின் திறனில் குறை ஏதும் இல்லை.

மேலாளரின் பணியைப் போலவே அவர் ஓய்வும் வெளியே தெரிவதில்லை. கூட்டமைப்பின் தலைவர்கள் மாறினால் செய்தியாகிறது. 2012 முதல் இந்தியத் தடகளக் கூட்டமைப்பின் தலைவராயிருந்த அடில் சுமரிவாலா 2025 ஜனவரியில் விலக, 2002 புசான் ஆசிய விளையாட்டில் குண்டெறிதல் தங்கம் வென்ற பகதூர் சிங் சாகூ அப்பொறுப்புக்கு வந்ததை நாளேடுகள் எழுதின. அணி மேலாளர் ஓய்வு பெறுவதோ ஒரு பாராட்டுக் கூட்டத்தோடு முடிகிறது. எந்த வீரர் அழைப்பு அறையில் பதறுவார், யாருடைய எந்த ஆவணம் எப்போது காலாவதியாகும், எந்த முறையீட்டை எப்படி எழுதினால் எடுபடும் என்னும் அறிவு பெரும்பாலும் எங்கும் எழுதப்படாமல் அவருடனே போய்விடுகிறது. பொன்னாடை போர்த்தும் நாளில் அதைக் கேட்டுப் பெற முடியாது. ஓய்வுக்கு முன்பே அவர் குறிப்பேடுகளைப் பெற்றுக்கொள்வதும், அடுத்து வருபவரை ஒரு பெரிய போட்டிக்காவது துணை மேலாளராக உடன் அனுப்புவதும் சங்கங்கள் செய்தே தீர வேண்டியவை.