சல்பற்றைட்டு

சல்பற்றைட்டு என்பது மூளைக் கலங்களின் மென்சவ்வில், சிறப்பாக நரம்பிழைகளைச் சுற்றியுள்ள மயலின் கவசத்தில், செறிந்திருக்கும் இலிப்பிட்டு. கலக்டோசு வெல்லமும் அதனோடு சேர்ந்த சல்பேற்றும் இதன் தலைப்பகுதி. மயலின் கொழுப்பு வெறும் காப்புறை என்ற எண்ணம் நெடுங்காலம் நிலவியது. அதைத் தகர்த்த பொருள்களுள் இதுவும் ஒன்று.

இலண்டனில் பணியாற்றிய ஜேர்மானியர் தூடிக்கும், மூளையின் இரசாயனம் பற்றி 1884இல் எழுதிய நூலில் கந்தகம் கொண்ட மூளைக் கொழுப்பைக் குறிப்பிட்டார். 1933இல் சுவீடனின் பிளிக்ஸ் அதன் தன்மையை வரையறுத்தார். மெற்றாகுரோமற்றிக் லியூக்கோடிஸ்திரோபி என்னும் பரம்பரை நோயில் இதுவே தேங்குகிறது என்று 1958இல் யாற்ஸ்கேவிட்ஸ் காட்டினார். நன்றாக நடந்து திரிந்த பிள்ளை நடையையும் பின்னர் பேச்சையும் இழக்கும் கொடிய நோய் அது.

தேங்குவது ஏன்? இக்கேள்விக்கான விடையில் தமிழ்நாட்டின் வேலூருக்குப் பங்குண்டு. பாடநூல்கள் அதைப் போதிய அளவு சொல்வதில்லை. அங்குள்ள கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் நரம்பு இரசாயன ஆய்வுகூடத்தை நடத்திய பிமல் குமார் பச்சாவத்தும் அவருடைய மாணவர்களும், அமெரிக்க மருத்துவர் ஒஸ்ரினுடன் சேர்ந்து நோயாளரின் நொதியங்களை அளந்தனர். 1963, 1964ஆம் ஆண்டுகளில் வெளியான அவர்களின் கட்டுரைகள், சல்பற்றைட்டைச் சிதைக்கும் அரைல்சல்பற்றேசு ஏ குறைந்திருப்பதைக் காட்டின. 1965இல் பச்சாவத்தும் ஏ. எஸ். பாலசுப்பிரமணியனும் செம்மறியாட்டு மூளையில் இதே இலிப்பிட்டு உருவாகும் தாக்கத்தையும் விவரித்தனர். ஆக்கம், சிதைவு இரண்டையும் ஒரே ஆய்வுகூடம் தொட்டது பெரிய காரியம்.

கலவளர்ச்சியில் இதன் பங்கு பின்னரே புலப்பட்டது. மயலினை உண்டாக்கும் ஒலிகோடென்ட்ரோசைட்டுகள் முதிருமுன்னரே தம் மேற்பரப்பில் சல்பற்றைட்டை ஏந்துகின்றன. ஆய்வுகூடங்களில் அவற்றை இனங்காண உதவும் ஓ4 பிறபொருளெதிரி இதனையே பற்றுகிறது. 2002இல் யப்பானின் ஹொங்கே குழுவினர், சல்பற்றைட்டை ஆக்கும் நொதியம் இல்லாத எலிகளை உருவாக்கினர். பிறக்கும்போது நலமாயிருந்த எலிகளுக்கு, ஏறத்தாழ ஆறு வாரத்தின் பின் பின்னங்கால்கள் தளர்ந்தன. மயலின் உருவானபோதும் அதன் ஓரங்கள் நரம்பிழையோடு சரிவர ஒட்டவில்லை. பொற்றாசியக் கால்வாய்கள் இடம்மாறின. முதிர்ந்த ஒலிகோடென்ட்ரோசைட்டுகளோ வழமையை விட மிகுந்தன. கலம் அவசரப்பட்டு முதிராதபடி இந்த இலிப்பிட்டு தடுத்து வைக்கிறது என்பதே அதன் பொருள்.

மெற்றாகுரோமற்றிக் லியூக்கோடிஸ்திரோபி நோய்க்கான மரபணுச் சிகிச்சையை ஐரோப்பிய ஒன்றியம் 2020இலும் அமெரிக்கா 2024இலும் அங்கீகரித்தன. அறிகுறி தோன்றுமுன் கொடுத்தாலே அது நன்கு பயனளிக்கும். பழுதான மரபணுவைத் தாய், தகப்பன் இருவரும் காவினால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு பங்கு ஆபத்துண்டு. சொந்தத்துக்குள் கலியாணம் செய்யும் குடும்பங்களில் அவ்வாறு இருவரும் காவும் வாய்ப்பு அதிகம். ஆகவே மூத்த பிள்ளைக்கு நோய் உறுதியானதும் தம்பி தங்கையரையும் உடனே சோதிக்க வேண்டும்.