சிலைகளின் உடைமை வரலாற்று ஆய்வு

அருங்காட்சியகத்தில் உள்ள ஒரு கலைப்பொருள் எந்த இடத்தில் தோன்றியது, யார் யாரிடம் கைமாறி வந்தது, சட்டப்படி வெளியேறியதா என்பதை ஆவணங்களால் நிறுவும் ஆய்வு. ஆப்பிரிக்கக் கலைப்பொருள்களைப் பொறுத்தவரை இதன் மையம் காலனியக் கொள்ளை; தமிழகத்தில் பெரிதும் கோயில் திருட்டு.

கோயில்களின் உலோகச் சிலைகள் வார்க்கப்படும் மெழுகு வார்ப்பில் ஒவ்வொரு படிமத்துக்கும் அச்சு உடைக்கப்படுவதால், ஒன்றைப் போல் மற்றொன்று அமைவதில்லை. சிலையைச் சூழ்ந்த வளைவான திருவாசியின் சுடர்களின் வடிவம், உடைந்த முனை, தேய்மானம் ஆகியவற்றைப் பழைய நிழற்படத்துடன் ஒப்பிட்டு அடையாளம் காண்கின்றனர். 1955-இல் தொடங்கப்பட்ட புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் படத்தொகுப்பே இதற்கு முதன்மைச் சான்று.

அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் பிரகதீசுவரர் கோயிலின் சோழர் கால நடராசரை 2008-இல் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் சுமார் 50 லட்சம் டாலருக்கு வாங்கியது. விற்ற நியூயார்க் வணிகர் சுபாஷ் கபூர் காட்டிய தாள்கள், சூடான் நாட்டுத் தூதரக அதிகாரி ஒருவர் 1970-இல் டெல்லியில் அதை வாங்கியதாகக் கூறின. அவை போலி. 1970-க்குப் பின்னும் சிலை கோயிலில் இருந்ததைக் காட்டிய பிரெஞ்சு நிறுவனப் படம் அக்கூற்றை முறியடித்தது. 2014 செப்டம்பரில் அச்சிலையும், நியூ சவுத் வேல்ஸ் கலைக்கூடத்திலிருந்த விருத்தாசலம் அர்த்தநாரீசுவரரும் இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்டன. வேறொரு சிலைத் திருட்டு வழக்கில் கபூருக்கு 2022-இல் கும்பகோணம் நீதிமன்றம் 10 ஆண்டு சிறை விதித்தது.

ஆக்ஸ்போர்டு ஆஷ்மோலியன் அருங்காட்சியகம் 1967-இல் ஏலத்தில் வாங்கிய திருமங்கையாழ்வார் படிமமும் இவ்வகையினது. அது தமிழகக் கோயில் ஒன்றில் இருந்தபோது 1957-இல் எடுத்த படம் 2019-இல் கவனத்துக்கு வந்தது. படிமத்தைத் திருப்பித் தர ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம் 2024-இல் இசைந்தது.