கணினியில் தமிழ் குடியேறிய வரலாறு

வெளி மாநிலங்களில் வாழும் நமக்கு ஊரிலிருந்து வரும் எழுத்து சாதாரணப் பொருள் அன்று. தபால்காரர் கொண்டுவரும் கடிதமாயினும், இரண்டு நாள் பழையதாகி ரயிலில் வந்து சேரும் செய்தித்தாளாயினும், அதைப் பிரித்துப் படித்து முடிக்கும் வரையில் மனம் ஊரிலேயே இருக்கும். அவ்வாறு ஆவலுடன் பிரித்த கடிதத்தில் ஒரு சொல்கூட விளங்காமல், ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் தாறுமாறாக இறைந்து கிடந்தால் எப்படி இருக்கும்? 1990களிலும் அதற்குப் பின் பல ஆண்டுகளும் கணினி வழியே தமிழைப் பெற முயன்றவர்கள் அநேகருக்கு இந்த அனுபவம் நேர்ந்தது.

எனக்கும் நேர்ந்தது. என் தந்தையார் எங்கள் குடும்ப வரலாற்றை அறுபது பக்கங்களில் எழுதி, ஊரில் இருந்த ஒரு தட்டச்சுக் கடையில் கொடுத்துக் கணினியில் ஏற்றச் செய்து, 2003ஆம் ஆண்டில் குறுந்தகடாகத் தில்லிக்கு அனுப்பிவைத்தார். அலுவலக நண்பர் ஒருவரின் கணினியில் அதைத் திறந்து பார்த்தேன். 'தமிழ்' என்று இருக்க வேண்டிய இடத்தில் ஜே, கே, பீ, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும், அவற்றின் பின்னால் ஓர் அரைப்புள்ளியும் நின்றன. அறுபது பக்கமும் இதே கோலம். தகடு கெட்டுவிட்டதோ என்று முதலில் எண்ணினேன். தகடு கெடவில்லை. கெட்டது எது என்பதைத் தெரிந்துகொள்ள முற்பட்டபோதுதான் இந்த வரலாறு எனக்கு அறிமுகமாயிற்று.

கணினிக்கு எழுத்து தெரியாது. எண் மட்டுமே தெரியும். இன்ன எழுத்துக்கு இன்ன எண் என்று முன்கூட்டியே ஓர் அட்டவணை வகுத்துக்கொண்டால்தான் அதனால் எழுத்தைச் சேமிக்கவும், ஓரிடத்திலிருந்து மற்றோர் இடத்துக்கு அனுப்பவும் இயலும். அமெரிக்காவில் 1963ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட 'ஆஸ்கி' என்னும் அட்டவணையில் 128 இடங்கள் இருந்தன. ஆங்கிலத்தின் பெரிய எழுத்து, சிறிய எழுத்து, எண்கள், நிறுத்தற்குறிகள் ஆகியவற்றுக்கு அவை போதும். பின்னர் இடங்கள் 256 ஆகப் பெருகியபோதும் புதிய இடங்களை ஐரோப்பிய மொழிகளின் தேவைகளே பெரும்பாலும் பிடித்துக்கொண்டன. தமிழுக்கோ உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 ஆக 247 எழுத்துகள்.

ஆனால் 247 எழுத்துக்கும் 247 உருவங்கள் வேண்டியதில்லை என்பதைத் தட்டச்சுப் பொறி ஏற்கெனவே மெய்ப்பித்திருந்தது. யாழ்ப்பாணத்தில் பிறந்து சிங்கப்பூரில் பணிபுரிந்த ஆர். முத்தையா அவர்கள் 1930களில் தமிழ்த் தட்டச்சுப் பொறிக்கு வடிவம் தந்தபோது, கொம்பு, கால், சுழி ஆகியவற்றைத் தனித்தனி விசைகளாக்கினார். வண்டி நகராமலே குறியை மட்டும் பதிக்கும் விசையையும் அமைத்தார். அப்பொறியில் 'கொ' என்று எழுத வேண்டுமானால் முதலில் கொம்பு, பிறகு ககரம், பிறகு கால். கண் காண்கிற வரிசையே கை தட்டுகிற வரிசை. இந்தச் செய்தியை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பிற்காலத்துப் பூசலின் வித்து இதில் இருக்கிறது.

1981ஆம் ஆண்டில் ஐபிஎம் நிறுவனத்தின் தனியாள் கணினி வெளிவந்தது. சில ஆண்டுகளுக்குள் அதில் தமிழை ஏற்ற முயன்றவர்கள் தோன்றினார்கள். கனடாவில் வாழ்ந்த சீனிவாசன் 'ஆதமி' என்ற மென்பொருளை 1980களில் இயற்றினார். மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985ஆம் ஆண்டில் 'முரசு' மென்பொருளைத் தொடங்கினார். சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் இருந்த கல்யாணசுந்தரம் 'மயிலை' என்ற எழுத்துருவை உருவாக்கினார். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி இணையத்தில் தமிழை ஏற்றும் பணியில் முன்னின்றார். இந்நால்வரும் தமிழகத்துக்கு வெளியே இருந்தவர்கள் என்பதைக் கவனிக்கலாம். ஊரில் இருப்பவருக்குத் தமிழ் அச்சிட அடுத்த தெருவில் அச்சகம் இருந்தது. அயலூரில் இருந்தவருக்கு அது இல்லை. என்னைக் கேட்டால், இதற்கு மேல் காரணம் தேட வேண்டியதில்லை.

அவர்கள் காலத்தில் பரவிய எழுத்துருக்கள் பலவற்றின் உபாயம் எளிமையானது. கணினியின் இயங்குதளம் ஆங்கிலத்தை மட்டுமே அறியும். அதன் அறியாமையைக் கலைக்காமல், ஆங்கில எழுத்தின் முகத்தில் தமிழ் எழுத்தின் முகமூடியை மாட்டிவிட்டார்கள். உள்ளே இருப்பது 'ஜே' என்ற ஆங்கில எழுத்தின் எண். திரையில் தோன்றுவது தகரம். முகமூடியாகிய எழுத்துரு கணினியில் இருக்கும் வரையில் தமிழ் தெரியும். அது இல்லாத கணினிக்குப் போனால் முகமூடி கழன்றுவிடும். என் தந்தையாரின் குறுந்தகட்டில் எழுத்துகள் இருந்தன, முகமூடி இல்லை.

ஒரே முகமூடியாக இருந்திருந்தாலும் பாதகமில்லை. ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு வகையில் செய்தது. ஓர் எழுத்துருவில் தகரம் இருந்த இடத்தில் மற்றோர் எழுத்துருவில் ணகரம் இருக்கும். நாளிதழ்களும் வார இதழ்களும் 1990களின் பிற்பகுதியில் இணையத்தில் ஏறியபோது, பம்பாயிலோ கல்கத்தாவிலோ இருந்த வாசகர் இதழுக்கு ஓர் எழுத்துருவாக இறக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. இது தமிழுக்கு மட்டும் நேர்ந்த துன்பம் என்றும் சொல்வதற்கில்லை. தில்லியில் என்னுடன் பணிபுரியும் இந்தி மொழிபெயர்ப்பாளர்கள் 'கிருதி தேவ்' எழுத்துருவில் சேமித்த பழைய கோப்புகளை வைத்துக்கொண்டு இன்றும் இதே பாடு படுகிறார்கள்.

இதற்கு மத்திய அரசு கண்ட பரிகாரம் வேறு விதமானது. பாரத மொழிகளின் எழுத்துகள் பெரும்பாலும் பிராமியிலிருந்து பிறந்தவை. ஆதலால் எல்லாவற்றுக்கும் ஒரே அட்டவணை போதும் என்பது அதன் அடிப்படை. கான்பூர் ஐஐடியில் தொடங்கிய ஆராய்ச்சியின் பயனாக எழுந்த 'இஸ்கி' என்னும் தரம் 1991ஆம் ஆண்டில் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் அங்கீகாரம் பெற்றது. இதன்படி தேவநாகரியில் ககரத்துக்கு எந்த எண்ணோ தமிழிலும் அதே எண். ஒரு பெயரை இந்தியில் தட்டிவிட்டு, லிபியை மட்டும் மாற்றித் தமிழிலோ வங்காளத்திலோ பார்க்கலாம். தேசம் முழுவதற்கும் பட்டியல் தயாரிக்கும் அலுவலகங்களுக்கு இது மிகவும் வசதியானது. ஆனால் க, ச, ட, த, ப ஆகியவற்றுக்கு நாகரியில் நந்நான்கு எழுத்துகள் இருக்கத் தமிழில் ஒவ்வொன்றுதானே இருக்கிறது? எனவே தமிழ் அட்டவணையில் இடையிடையே வெற்றிடங்கள் விழுந்தன. அதோடு நகரத்தை அடுத்து னகரமும், ரகரத்தை அடுத்து றகரமும் வைக்கப்பட்டன. ழ, ள, ற, ன என்று முடியும் நம் நெடுங்கணக்கின் வரிசை அதில் இல்லை.

அதே 1991ஆம் ஆண்டில் உலக மொழிகள் அனைத்துக்கும் பொதுவாக 'யூனிகோடு' என்னும் ஒருங்குறியின் முதற்பதிப்பு வெளிவந்தது. இந்திய மொழிகளுக்கு அது இஸ்கியின் 1988ஆம் ஆண்டு வடிவத்தைப் பின்பற்றியது. தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கப்பட்டன; வெற்றிடங்களும், நாகரியைத் தழுவிய வரிசையும் அப்படியே வந்து சேர்ந்தன. இன்றைக்கும் அந்த 128 இடங்களில் நிரம்பியிருப்பவை 72 மட்டுமே.

தமிழர்கள் வாளாவிருக்கவில்லை. 1997ஆம் ஆண்டில் சிங்கப்பூரிலும், 1999ஆம் ஆண்டு பிப்ரவரியில் சென்னையிலும் மாநாடுகள் கூடின. சென்னை மாநாட்டின் விளைவாக 'தமிழ் 99' என்ற விசைப்பலகையும், 'டாம்', 'டாப்' என்ற இரு குறியீடுகளும் தமிழக அரசின் ஏற்பைப் பெற்றன. இணையக் குழுக்களில் விவாதித்து உருவாக்கிய 'திஸ்கி' என்ற மற்றொரு குறியீடு அயலகத் தமிழரிடையே பரவியது. 2000ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் 'உத்தமம்' என்ற உலகளாவிய அமைப்பு பிறந்தது. முகமூடிகளின் எண்ணிக்கை குறைந்ததே தவிர, முகமூடி ஒழிந்தபாடில்லை.

அதை ஒழித்தது இயங்குதளம். 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் வெளிவந்த 'விண்டோஸ் 2000' ஒருங்குறித் தமிழைத் தானே அறிந்திருந்தது; 'லதா' என்ற தமிழ் எழுத்துருவும் அதனுடனே வந்தது. அதே காலத்தை ஒட்டி, லினக்ஸ் இயங்குதளத்தில் தமிழை அமைக்கும் பணியில் தன்னார்வலர்கள் ஊதியமின்றி உழைத்தார்கள். இங்கே நிகழ்ந்த மாற்றம் சிறியதன்று. 'கெ' என்பதைத் தட்டச்சு முறையில் கொம்பு முன்னும் ககரம் பின்னுமாகச் சேமித்தோம். ஒருங்குறியில் ககரம் முன்னும் கொம்பு பின்னுமாக, ஒலியின் வரிசையில் சேமிக்கிறோம். கொம்பை முன்னால் கொண்டுவந்து நிறுத்திக் கண்ணுக்குக் காட்டுவது இயங்குதளத்தின் வேலை. இந்த வேலையைச் செய்யத் தெரியாத பழைய இயங்குதளங்களில் கொம்பு பின்னாலேயே அநாதையாய் நிற்கும். விண்டோஸ் எக்ஸ்பி காலத்திலும் நிறுவற்தகட்டைத் தேடி எடுத்து, அதற்கென உள்ள வசதியைத் தனியே சேர்த்தால்தான் தமிழ் நேராக நின்றது. 2003இல் தில்லியில் எந்த அலுவலகத்தில் அந்தத் தகடு கைக்கெட்டும் இடத்தில் இருந்தது?

ஒருங்குறியைப் பற்றிய அபிப்பிராய பேதம் கடுமையாக எழுந்ததும் இக்காலத்தில்தான். ஒரு சாரார் வாதித்தது இது: 'கி' என்பதும் 'க்' என்பதும் தமிழனுக்குத் தனித்தனி எழுத்துகள், அவற்றை இரண்டு எண்களாக உடைப்பது தமிழ் இலக்கணத்துக்கு மாறானது. இணையத்தில் வழங்கும் முறையில் ஒவ்வோர் எண்ணும் மூன்று பைட் இடத்தை அடைப்பதால் 'கி' ஆறு பைட் பிடிக்கிறது; ஆங்கில எழுத்துக்கு ஒன்றே போதும். அகரவரிசைப்படுத்தினாலும் எண்ணின் வரிசையும் நெடுங்கணக்கின் வரிசையும் ஒவ்வா. ஆகவே எல்லா எழுத்துக்கும் தனி இடம் வேண்டும் என்றார்கள். மறு சாராரோ, ஒருங்குறியில் ஒரு முறை தந்த இடத்தை மாற்றுவதில்லை என்பது அதன் உறுதியான விதி என்றும், வரிசைப்படுத்துவதைத் தனி அட்டவணை கொண்டு மென்பொருள் செய்துகொள்ளும் என்றும், மீண்டும் ஒரு புதிய குறியீட்டைக் கிளப்பினால் பழைய குழப்பமே திரும்பும் என்றும் மறுத்தார்கள். கோவையில் 2010ஆம் ஆண்டு ஜூனில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்த வேளையில் தமிழக அரசு ஒருங்குறியை ஏற்றது. கூடவே, ஒருங்குறியின் தனிப்பயன் பகுதியில் அமையும் 16 பிட் அனைத்தெழுத்துக் குறியீட்டையும் ஏற்றது.

முதல் சாரார் கூறிய குறைகள் உண்மையானவை என்றே நான் கருதுகிறேன். 1991க்கு முன்பே நம்மவர் அட்டவணை வகுத்தோரின் மேசைக்குப் போய் உட்கார்ந்திருந்தால் வரிசை வேறாக இருந்திருக்கும். ஆயினும் தெருவில் நடப்பவர் ஒவ்வொருவரின் கைபேசியிலும் ஓடுவது ஒருங்குறிதான். அகமதாபாதிலிருந்து தங்கை அனுப்பும் செய்தி அம்பாசமுத்திரத்தில் இருக்கும் அண்ணனின் கைபேசியில் எழுத்துப் பிசகாமல் தெரிகிறது. குறையுள்ள வீடானாலும் எல்லோரும் அதில் குடியேறிவிட்டார்கள்.

விசைப்பலகை விஷயத்தில் அந்த ஒற்றுமை ஏற்படவில்லை. தட்டச்சுத் தேர்வு எழுதித் தேறிய முதியவர்கள் பழைய வரிசையை விடமாட்டார்கள். தமிழ் 99 பலகையில் உயிர் இடக்கையிலும் மெய் வலக்கையிலும் அமைந்திருக்கும். ககரத்தை இருமுறை தட்டினால் முதலதற்குப் புள்ளி தானே விழும். பழகியவர்கள் அதற்கு ஈடில்லை என்பார்கள். தில்லியில் வளரும் நம் குழந்தைகளோ ஆங்கில எழுத்தில் 'அம்மா' என்று தட்டித் திரையில் தமிழாக எடுத்துக்கொள்கிறார்கள். தமிழ் நெடுங்கணக்கைப் பள்ளியில் கற்கும் வாய்ப்பில்லாத பிள்ளைகளுக்கு அந்த வழியாவது இருக்கிறதே என்று மகிழ்வதா, நெடுங்கணக்கைக் கற்கும் அவசியமே இல்லாமற் போயிற்றே என்று வருந்துவதா என்பதில் என் வீட்டிலேயே இரண்டு கட்சி உண்டு.

என் தந்தையாரின் அறுபது பக்கங்களுக்கு வருகிறேன். பழைய எழுத்துருக்களை ஒருங்குறிக்கு மாற்றித் தரும் மென்பொருள்களைத் தன்னார்வத் தமிழர் பலர் எழுதி இலவசமாகவே வழங்கியிருக்கிறார்கள். அவற்றுள் ஒன்றில் கோப்பை இட்டேன். சில விநாடிகளில் முழுவதும் தமிழாயிற்று. படித்துப் பார்த்ததில் ஒரு குறையும் தென்படவில்லை. பிறகு, என் பாட்டியார் கௌசல்யாவைப் பற்றி எழுதியிருக்கும் பக்கங்களை எடுக்கலாம் என்று அவர் பெயரைத் தட்டித் தேடினேன். அப்படி ஒருவர் இக்கோப்பில் இல்லை என்றது கணினி.

காரணம் தட்டச்சுப் பொறியில் இருந்தது. 'கௌ' என்பதன் வலப்பக்கத்துக் குறியும் ளகரமும் பார்வைக்கு ஒன்றே. அதற்கெனத் தனி விசை அந்நாளில் வைக்கவில்லை. கொம்பு, ககரம், ளகரம் என்று தட்டினார்கள். பழைய எழுத்துருவும் அவ்வாறே சேமித்தது. மாற்றியாகிய மென்பொருள் அதைக் 'கெ' என்றும் 'ள' என்றும் இரண்டு எழுத்தாகக் கொண்டது. திரையில் பார்க்கும் மனிதக் கண்ணுக்கு வேற்றுமை தெரியாது. எண்ணை மட்டுமே அறிந்த கணினிக்கு அவர் வேறொருவர். அகரவரிசையிலும் அவர் வேறோர் இடத்துக்குப் போய்விட்டிருந்தார்.

முப்பத்தோரிடங்களில் பாட்டியாரின் பெயர் வந்திருந்தது. ஒவ்வொன்றாகத் திருத்தினேன். பௌர்ணமியும் மௌனமும் வௌவாலும் மறுநாள் மாலைக்கு மிஞ்சின.