எஞ்சின் அறையில் ஓர் எல்லை

மலாக்கா நீரிணையின் எல்லைக் கதையை 1970-இல் மலேசியாவும் இந்தோனேசியாவும் கோலாலம்பூரில் போட்ட ஒப்பந்தத்தோடு முடிச்சிடுறோம். போர்ட் கிள்ளானுக்கு வெளியே அந்தக் கோட்டைக் காப்பது டீசல் எஞ்சின்.

2005-இல் கடல்சார் அமலாக்க நிறுவனமான ஏபிஎம்எம் ரோந்தைத் தொடங்கியபோது நிறுவனம்தான் புதுசு. கப்பல்கள் மற்ற துறைகள் கொடுத்த பழசு. சில, 1960-களில், இந்தோனேசியாவோடு 'கொன்ஃப்ரன்டாசி' மோதல் நடந்த காலத்தையொட்டி, இங்கிலாந்தின் வோஸ்பர் நிறுவனம் கட்டிய வேகப் படகுகள். கேஎம் லங்காவியும் முன்பு கடற்படையின் கேடி முஸ்தாரிதான்.

துரத்துவதற்கென்றே செய்த எஞ்சினை ரோந்தில் மணிக்கணக்காக மெதுவாக ஓட்டினால், சரியாக எரியாத எண்ணெய் உள்ளே கரியாகப் படியும். பொறியாளர்தான் அதைச் சுரண்டி எடுக்கணும். கடத்தல் படகு கண்ணில் பட்டதும் மேலேயிருந்து முழு வேகம் கேட்பாங்க. அப்போது எஞ்சின் இருமினால் படகு சுமத்ரா பக்கம் போயிடும்.