பகடி

பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்துப் பேச்சில் ‘நக்கல்’, ‘கிண்டல்’ என்ற சொற்கள்தான் அதிகம். பகடி பெரும்பாலும் எழுத்தில் வரும் சொல். ஈழத்தில் அது ‘பகிடி’. ராகிங்குக்கு அங்கே ‘பகிடிவதை’ என்றே பெயர். சிரிப்புக்குள் வதையும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இன்று ஆங்கிலத்தின் ‘பாரடி’க்கும் (parody) பகடி என்றே எழுதுகிறோம். வெறும் கேலி பகடியாகாது. எதைக் கேலி செய்கிறோமோ அதை முதலில் ரசித்திருக்க வேண்டும். பெண்சிசுக்கொலையைப் பேசிய ‘கருத்தம்மா’ படத்தை (1994) சி. எஸ். அமுதனின் ‘தமிழ்ப் படம்’ (2010) தலைகீழாக்கியது: அதில் வரும் ஊரில் ஆண் குழந்தை பிறந்தால் கொல்வார்கள்! நடைபிணப் படங்களைப் பகடி செய்யும் எட்கர் ரைட்டின் பிரிட்டிஷ் படமான ‘ஷான் ஆஃப் த டெட்’டில் (2004) நடைபிணங்கள் நெருங்குகின்றன, நண்பர்களோ எந்த இசைத்தட்டை எறியலாம் என்று வாதாடுகிறார்கள். பிறகு சிரிப்பு நின்றுவிடுகிறது: கடிபட்ட தன் தாயை நாயகனே சுடுகிறான்.