ஆறு பிள்ளைகளின் சராசரி: ஈராசிரியர் பள்ளியின் தரத்தை எதைக்கொண்டு அறிவது?

தமிழ்நாட்டின் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகளில் ஈராசிரியர் பள்ளிகள் கணிசமானவை. ஒரு தலைமையாசிரியர், ஓர் இடைநிலை ஆசிரியர், ஐந்து வகுப்புகள், பெரும்பாலும் இரண்டே அறைகள். 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள் என்று வரையறுத்திருப்பதால், 58 பேர் படிக்கும் பள்ளிக்கும் 14 பேர் படிக்கும் பள்ளிக்கும் பணியிடக் கணக்கு ஒன்றே. இப்பள்ளிகளைப் பற்றிய பேச்சு எப்போது எழுந்தாலும் இரண்டு எண்கள் முன்னே வந்து நிற்கும்: ஒன்று சேர்க்கை, மற்றொன்று அடைவுச் சதவீதம். இவ்விரண்டுக்கும் சிறு பள்ளியின் தரத்தைச் சொல்லும் தகுதி கிடையாது என்பதே இக்கட்டுரையின் வாதம். அந்தத் தரத்தை அறியப் பிள்ளை பிள்ளையாகப் பார்க்க வேண்டும். வகுப்பறையில் நேரம் எப்படிச் செலவாகிறது என்று பார்க்க வேண்டும். பெரிய பள்ளியில் இது எளிதல்ல. சிறு பள்ளியிலோ ஒரு முற்பகலுக்குள் முடிகிற வேலை.

முதலில் கணக்கு. மூன்றாம் வகுப்பில் ஆறு பேர் இருக்கும் பள்ளி ஒன்றைக் கொள்வோம். அங்கே ஒரு பிள்ளை வகுப்புக்குரிய அளவில் வாசிக்கக் கற்பதற்கான நிகழ்தகவு 0.6. ஆசிரியரும் கற்பிக்கும் முறையும் ஆண்டுக்காண்டு மாறவில்லை என்றும் வைத்துக்கொள்வோம். ஈருறுப்புப் பரவலின்படி, ஆறு பேருமே வாசித்துவிடும் ஆண்டு ஒன்று வருவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 5 விழுக்காடு. இருவரோ அதற்குக் குறைவானவர்களோ மட்டும் வாசிக்கும் ஆண்டுக்கான வாய்ப்பு ஏறத்தாழ 18 விழுக்காடு. ஆக, அதே பள்ளி ஓராண்டு நூற்றுக்கு நூறு என்று பாராட்டுச் சான்றிதழ் வாங்கலாம். இன்னோர் ஆண்டு 33 விழுக்காட்டுக்காக மெமோவும் வாங்கலாம். கற்பித்தலில் எதுவும் மாறியிருக்காது, பிள்ளைகள் மட்டுமே மாறியிருப்பார்கள். இதே நிகழ்தகவுடன் 60 பேர் படிக்கும் வகுப்பில், மூன்றில் ஒரு பங்கினர் மட்டும் வாசிக்கும் நிலை நடைமுறையில் வரவே வராது. திட்டப்பிழை முன்னதில் 20 விழுக்காட்டுப் புள்ளிகள். பின்னதில் 6 சொச்சம்.

இது புதிய கண்டுபிடிப்பு அல்ல. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத் தேர்வுத் தரவுகளை ஆராய்ந்த தாமஸ் கேனும் டக்ளஸ் ஸ்டைகரும் 2002இல் வெளியிட்ட கட்டுரையில், பள்ளிகளின் ஆண்டு மதிப்பெண்ணில் தெரியும் ஏற்ற இறக்கத்தில் பெரும்பகுதி மாதிரியின் சிறுமையாலும் அந்த ஆண்டுக்கே உரிய தற்செயல்களாலும் விளைவது என்று காட்டினார்கள். பரிசு பெறும் முன்னணிப் பட்டியலில் சிறு பள்ளிகள் அளவுக்கு மீறி இடம்பிடித்திருந்தன. தண்டனைக்குரிய கடைசிப் பட்டியலிலும் அவையே. ஹோவர்ட் வெய்னர் 2007இல் இதே உண்மையை எடுத்துக்கொண்டு, முன்னணிப் பட்டியலை மட்டும் பார்த்துவிட்டுச் சிறு பள்ளிகளே சிறந்தவை என்று முடிவுகட்டிப் பெரும்பணம் கொட்டிய கொடையாளர்களைக் கண்டித்தார். பெரிய பள்ளிகளைச் சிறியனவாகப் பிரிக்க அங்கே பணம் போயிற்று. இங்கே அதே வகைப் பட்டியலின் அடிப்பகுதியைக் காட்டிச் சிறியவற்றை இணைக்கச் சொல்கிறார்கள். திசை வேறானாலும் பிழை ஒன்றுதான்.

தேசிய அடைவுத் தேர்வை முன்வைத்து இதற்குப் பதில் சொல்வோர் உண்டு. 2017, 2021 ஆண்டுகளில் நடந்த அத்தேர்வு மாவட்ட அளவில் மதிப்பிடுவதற்காக வகுக்கப்பட்ட மாதிரி ஆய்வு. தனிப் பள்ளியைத் தரம் பிரிக்க அது வகுக்கப்படவே இல்லை. 2005 முதல் நடந்துவரும் அசர் ஆய்வோ வீடுவீடாகச் செய்யப்படுவது. அதிலும் தனிப் பள்ளிக்கு மதிப்பெண் கிடையாது. இந்த எண்களைக் கொண்டுவந்து ஒரு தலைமையாசிரியரின் மேசைமேல் போடுவது, அவற்றைத் தயாரித்தவர்களே ஒப்பாத செயல்.

தேர்வு நாளில் பிள்ளைகள் காட்டும் விளைவை வைத்துப் பள்ளியை மதிப்பிடும் பழக்கம் நமக்குக் காலனியத்தின் வழி வந்தது. இங்கிலாந்தில் ராபர்ட் லோ 1862இல் கொண்டுவந்த திருத்த விதி, ஆய்வாளர் முன் பிள்ளை காட்டும் தேர்ச்சிக்கேற்பப் பள்ளிக்கு மானியம் அளித்தது. தாமே பள்ளி ஆய்வாளராக இருந்த மேத்யூ அர்னால்டு அதை வெளிப்படையாக எதிர்த்தார். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னை மாகாணத்துக் கிராமப் பள்ளிகளுக்கும் இம்முறை வந்தது. ஆய்வாளர் வரும் நாளுக்காக மனப்பாடம் செய்விக்கும் கலையை நம் பள்ளிகள் அப்போது கற்றுக்கொண்டன. ஆண்டாய்வு நாளில் அந்தக் கலை இன்றும் மறக்கப்படவில்லை.

சேர்க்கை எண்ணுக்கு வருவோம். ஊரார் பிள்ளைகளை அனுப்பவில்லையென்றால் பள்ளி சரியில்லை என்பது கேட்கப் பொருத்தமாக இருக்கிறது. ஆனால் 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டின் மொத்தக் கருவள வீதம் 1.8. இரண்டு தலைமுறைக்கு முன் முப்பது பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிய தெருவில் இப்போது அனுப்பப் பத்துப் பிள்ளைகளும் இருப்பதில்லை. இருக்கும் பிள்ளைகளையும் மூன்றரை வயதிலேயே தனியார் பள்ளி வேன் வந்து ஏற்றிக்கொண்டு போய்விடுகிறது. எல்.கே.ஜி.யில் தொடங்கும் அந்தப் பள்ளியுடன், ஐந்து வயதில் ஒன்றாம் வகுப்பில் தொடங்கும் அரசுப் பள்ளி போட்டியிட வேண்டியிருக்கிறது. போட்டி தொடங்குமுன்பே முடிந்துவிடுகிறது. தனியார் பள்ளியில் 25 விழுக்காட்டு இடஒதுக்கீட்டின்கீழ்ச் சேரும் ஏழைப் பிள்ளைக்கும் இது பொருந்தும். 2019இல் நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் மழலையர் வகுப்பு தொடங்கப்பட்டது. தொடக்கப் பள்ளியாகவே இருந்துவிட்ட சிறு பள்ளிக்கு அதனால் பெரிய பயன் இல்லை.

இதற்கும் மேலே ஒரு காரணம் உண்டு. அறிக்கைகளில் அது எழுதப்படுவதில்லை. பள்ளி ஊர்த்தெருவில் இருக்கிறதா, காலனியில் இருக்கிறதா என்பது பல ஊர்களில் சேர்க்கையை முன்கூட்டியே தீர்மானித்துவிடுகிறது. காலனிப் பள்ளியின் ஆசிரியர் எவ்வளவு திறமையாகக் கற்பித்தாலும் அடுத்த தெருப் பிள்ளைகள் அந்த வாசலுக்கு வருவதில்லை. அங்கே சேர்க்கை எண் எதை அளக்கிறது என்பது ஊருக்குத் தெரியும். அதைத் தரத்தின் அளவுகோலாக ஏற்பது, சாதியின் தீர்ப்பை அரசாங்க முத்திரையிட்டு வழிமொழிவதாகும்.

சரி, எதைப் பார்ப்பது?

நேரத்தைப் பார்க்க வேண்டும். சட்டம் தொடக்க நிலைக்கு ஆண்டுக்கு 800 கற்பித்தல் மணிகளை விதிக்கிறது. ஈராசிரியர் பள்ளியில் வழக்கமாக ஒருவர் முதல் மூன்று வகுப்புகளையும் மற்றவர் நான்கையும் ஐந்தையும் வைத்துக்கொள்வார்கள். ஆசிரியர் ஒவ்வொரு வகுப்பாக நேரடியாக நடத்துவாரானால், இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்குக் கிடைப்பது அந்த 800இல் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 267 மணி அளவே. மீதி மூன்றில் இரண்டு பங்கு நேரத்தில் அந்தப் பிள்ளை என்ன செய்கிறது? என் கருத்தில், சிறு பள்ளியைப் பற்றிக் கேட்கத் தக்க முதற்கேள்வி இதுதான். பலகையைப் பார்த்து எழுதியதையே திரும்ப எழுதுகிறதா, கைகட்டி உட்கார்ந்திருக்கிறதா, அல்லது தனக்கென வைத்திருக்கும் வேலையில் இருக்கிறதா?

இந்தக் கேள்விக்கு விடை காண நம்மிடம் ஒரு காலத்தில் நல்ல கருவி இருந்தது. ஆந்திரத்து மதனப்பள்ளிக்கு அருகே ரிஷிவேலி கிராமப் பள்ளிகளில் உருவான அட்டைமுறையைத் தழுவி, 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் ஆட்சிப்பணி அதிகாரி எம்.பி. விஜயகுமாரின் முயற்சியில் தொடங்கி, சில ஆண்டுகளில் மாநிலம் முழுதும் பரவிய செயல்வழிக் கற்றல் அது. கற்றல் ஏணியில் தன் படி எது என்று பார்த்து, அதற்குரிய சின்னமுள்ள அட்டையைப் பிள்ளையே எடுத்துக்கொள்ளும். ஆசிரியர் முழு உதவிக் குழுவில் தொடங்கித் தானே கற்றல் குழு வரை அதற்கு உட்கார இடங்கள் உண்டு. சுவரின் அடியில் ஓடிய கரும்பலகையில் அதற்கெனக் கட்டம். மேலே கம்பிப் பந்தலில் அது செய்த வேலை தொங்கும். நகரத்தின் பெரிய பள்ளிகளில் நாற்பது பேரை வைத்துக்கொண்டு இம்முறையால் திணறிய ஆசிரியர்கள் உண்டு; அவர்களுடைய குறைகளில் நியாயம் இருந்தது. ஆனால் பல வகுப்பை ஒரே அறையில் வைத்திருக்கும் ஈராசிரியர் பள்ளிக்கு இது அளவெடுத்துத் தைத்த சட்டை. 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டம் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளையின் நிலையை வகுப்பிலிருந்து பிரித்துப் பார்க்கும் எண்ணத்தைத் தக்கவைத்துக்கொண்டது. அது பாராட்டுக்குரியது. எனினும் அந்த நிலையைப் பதிவு செய்வதற்காகக் கைப்பேசியில் ஆசிரியர் செலவிடும் நேரம், அவர் பிரித்துக் கொடுக்க வேண்டிய அதே நேரத்திலிருந்துதான் போகிறது.

அடுத்து, பிள்ளையின் வாசிப்பு. பதினான்கு பேர் இருக்கும் பள்ளியில் அனைவரையும் தனித்தனியே வாசிக்கச் சொல்லிக் கேட்க ஒரு முற்பகல் போதும். மாதிரி எடுக்க வேண்டாம், சராசரி காண வேண்டாம். கேட்கும்போது மதிப்பெண் சொல்லாத பல செய்திகள் தெரியவரும். மூன்றாம் வகுப்புப் பிள்ளை ‘கொக்கு’ என்பதைக் ‘கெக்கு’ என்று வாசித்தால், ஒற்றைக் கொம்பு பிடிபட்டுவிட்டது, பின்னால் வரும் காலை அது இன்னும் சேர்த்துப் பார்க்கவில்லை என்று பொருள். இரண்டு வாரத்தில் சரியாகக்கூடிய குறை. பக்கத்திலேயே இன்னொரு பிள்ளை பாடத்தைப் பிசிறில்லாமல் ஒப்பிக்கும். ஆனால் அதன் விரல் மூன்றாம் வரியில் இருக்கும்போது வாய் ஐந்தாம் வரியில் இருக்கும். நடுவிலிருந்து ஒரு சொல்லைத் தொட்டுக் காட்டினால் திகைக்கும். எழுத்துத் தேர்வில் இரண்டாவது பிள்ளை முதல் பிள்ளையை மிஞ்சிவிடவும் கூடும். ஆறு மாதம் கழித்து அதே இருவரையும் கேட்டு, யார் எவ்வளவு நகர்ந்திருக்கிறார்கள் என்று பார்த்தால் பள்ளியின் உழைப்பு தெரிந்துவிடும். வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்தவர் எவருமில்லாமல் வந்த பிள்ளை எங்கே தொடங்கியது என்ற கணக்கும் அதில் அடங்கிவிடுகிறது.

மூன்றாவதாக நான் பரிந்துரைப்பது, ஓர் ஆசிரியர் இல்லாத நாளில் பள்ளிக்குப் போய்ப் பார்ப்பது. சட்டத்தின் 27ஆம் பிரிவு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகியவற்றுக்குத் தவிர வேறு கல்விசாராப் பணிகளுக்கு ஆசிரியரை அனுப்பக் கூடாது என்கிறது. இந்த விலக்குகளுடன் குறுவள மையப் பயிற்சி, வட்டாரக் கல்வி அலுவலகக் கூட்டம், மருத்துவ விடுப்பு எல்லாம் சேர்ந்தால் ஈராசிரியர் பள்ளி ஆண்டில் எத்தனையோ நாள் ஓராசிரியர் பள்ளியாகிவிடுகிறது. அன்று ஐந்தாம் வகுப்புப் பிள்ளை தானாகப் போய் ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து அட்டையை எடுத்துக் கொடுக்குமானால், அந்தப் பள்ளியில் படிப்பு ஆசிரியரின் குரலை மட்டும் நம்பி நடக்கவில்லை. ஐந்து வகுப்பும் ஒரே அறையில் சத்தமில்லாமல் உட்கார வைக்கப்பட்டிருந்தால், அந்த அமைதியை ஆய்வாளர் ஒழுக்கம் என்று குறித்துக்கொள்ளக் கூடாது.

சிறு பள்ளி என்றாலே நல்ல பள்ளி என்ற கனிவு எனக்கு இல்லை. ஒரே ஆசிரியரிடம் மூன்று ஆண்டு இருக்க நேரும் பிள்ளைக்கு, அந்த ஆசிரியர் அக்கறையற்றவராக வாய்த்தால் தப்ப வழியே கிடையாது. பெரிய பள்ளியில் அடுத்த ஆண்டு வேறொருவர் வருவார். இங்கே தொடக்கக் கல்வியில் பாதிக்குமேல் அதோடு போயிற்று. தன் வயதில் தோழியே இல்லாத பெண்பிள்ளை, கபடிக்கு ஆள் சேராத விளையாட்டு நேரம், இவையும் உண்மையான குறைகள்தாம். மாறுதல் கலந்தாய்வில் நல்ல ஆசிரியர் போய்விட்டால் பள்ளியின் பாதிப் பலமே போய்விடுகிறது. நான் சொல்லும் முறை இத்தகைய பள்ளிகளைக் காப்பாற்றாது. ஒரு நல்ல ஆண்டின் சராசரிக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும் மோசமான பள்ளியை இந்த முறைதான் வெளியே கொண்டுவரும்.

பெற்றோரின் சாட்சியத்தையும் கேட்கலாம். 2022இல் பள்ளி மேலாண்மைக் குழுக்கள் மறுகட்டமைக்கப்பட்டபோது ஒரு குழுவுக்கு 20 பேர் என்று வகுக்கப்பட்டது. பதினான்கு பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் ஒரு வீடு விடாமல் எல்லாரும் உறுப்பினர்! ஆனால் அந்தக் கூட்டத்தில் கட்டடம், கழிப்பறை, குடிநீர் பற்றியே பேச்சு நடக்கிறது. தன் பிள்ளை வாசிப்பதை ஒரு தாய் அங்கேயே கேட்டுப் பார்க்கும் வழக்கம் இன்னும் வரவில்லை.

செலவுக் கேள்வி தனியானது. 14 பிள்ளைகளுக்கு இரண்டு ஆசிரியர் ஊதியம் கட்டுப்படியாகுமா என்று அரசு கேட்கலாம். ஒரு கிலோமீட்டருக்குள் பள்ளி என்ற விதியையும், ஆறு வயதுப் பிள்ளை தாண்ட வேண்டிய நெடுஞ்சாலையையும் எதிர்ப்பக்கத்தில் வைத்து அதற்கு விடை தேடலாம். தரம் இல்லை என்ற பெயரில் அந்த முடிவை எடுப்பதுதான் முறையற்றது. உத்தரப் பிரதேசத்தில் 2025இல் 50 பேருக்குக் குறைவான பள்ளிகளை இணைக்க முனைந்தபோது, வாதம் செலவிலிருந்து தரத்துக்கும் தரத்திலிருந்து செலவுக்கும் மாறி மாறித் தாவியதைக் கண்டோம்.

அமெரிக்காவில் 2002இல் நடைமுறைக்கு வந்த பள்ளிப் பொறுப்புடைமைச் சட்டத்தின்கீழ், குறிப்பிட்ட எண்ணிக்கைக்குக் குறைந்த மாணவர் குழுவுக்குச் சதவீதம் வெளியிடுவதில்லை என்று மாநிலங்கள் வரம்பு வகுத்துக்கொண்டன. பள்ளிக் கல்வித் துறையும் இங்கே அப்படியொரு வரம்பை வகுக்க வேண்டும். பத்துப் பேருக்குக் குறைந்த வகுப்புகளுக்கு ஆண்டாய்வுப் படிவத்தில் சதவீதக் கட்டத்தை நீக்கிவிட்டு, ஒவ்வொரு பிள்ளையும் ஜூனில் எதை வாசித்தது, ஜனவரியில் எதை வாசிக்கிறது என்று எழுத இரண்டு கட்டங்கள் தர வேண்டும். வட்டாரக் கல்வி அலுவலர் அதை நிரப்பப் பிள்ளைகளின் பக்கத்தில் உட்கார்ந்துதான் ஆக வேண்டும். இதற்குப் புதிய திட்டமும் வேண்டாம், நிதியும் வேண்டாம். ஓர் அரசாணை போதும்.