மார்த்தாண்டம் கிராமப் புனரமைப்பு மையம்

முதல் உலகப் போருக்குப் பின், 1921இல் ஒய்.எம்.சி.ஏ. சங்கம் தொடங்கிய கிராமப் பணியில் உருவான செயல்விளக்கப் பண்ணை. தொடுவெட்டி என்று பழைய பெயர் கொண்ட மார்த்தாண்டம் அப்போது திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. 1956 நவம்பர் 1 முதல் தமிழகத்தின் கன்னியாகுமரி மாவட்டத்தைச் சேர்ந்தது.

ஒய்.எம்.சி.ஏ.வைக் கிராமத்துப் பக்கம் திருப்பியவர் சேலத்தில் பிறந்த கே. டி. பால். சங்கத்தின் தேசியப் பொதுச்செயலாளரான முதல் இந்தியர் அவர். மார்த்தாண்டத்தில் களமிறங்கியவர் அமெரிக்கரான டி. ஸ்பென்சர் ஹாட்ச். தாகூரின் கிராமப் புனரமைப்பு மையமான ஸ்ரீநிகேதனை 1922இல் அமைக்க உதவிய எல்ம்ஹர்ஸ்டைப் போல இவரும் கார்னெல் பல்கலைக்கழகத்தில் படித்தவர். வல்லுநர் பக்கத்தில் இருந்து வழி சொல்லலாம், வேலையைக் கிராமத்தார்தான் செய்ய வேண்டும் என்பது ஹாட்ச்சின் கொள்கை. ஆகவே மையத்தில் சொற்பொழிவைவிடப் பார்க்கக் கிடைத்ததே அதிகம்: பொலிகாளை, உயர்ரகக் கிடா, முட்டைக்குப் பேர்போன கோழிகள், விதைப் பாத்திகள், தறிக்கூடம், தேனீப் பெட்டிகள். சுற்றிலும் ஏறத்தாழ நூறு கிராமங்களுக்கு இதன் பணி பரவியது.

முட்டையில் கிடைத்த பலன் குறிப்பிடத்தக்கது. நாலைந்து கோழி வைத்திருக்கும் வீட்டுக்காரி தன் முட்டையை நகரச் சந்தைக்குக் கொண்டுபோனால் வழிச்செலவுக்கே கட்டாது. பல வீட்டு முட்டைகளைச் சேர்த்து விற்கும் கூட்டுறவுச் சங்கம் 1939இல் தன்னாட்சி பெற்ற அமைப்பாக வளர்ந்தது. மையத்தின் பெரிய சாதனை என்று வேளாண் விரிவாக்கப் பாடநூல்கள் இதைத்தான் சொல்கின்றன. ஆனால் ஊரில் நிலைத்தது தேன்.

முன்பெல்லாம் மரப்பொந்தில் புகைபோட்டுத் தேனீயை விரட்டி, அடையைப் பிய்த்துப் பிழிவார்கள். புழுவும் மகரந்தமும் தேனோடு கலக்கும், கூடும் அழியும். சட்டங்கள் வைத்த மரப்பெட்டி வந்தபின் கீழறையில் ராணியும் குஞ்சுகளும் தொந்தரவில்லாமல் இருக்க, மேலறைச் சட்டத்தை மட்டும் எடுத்துச் சுழற்றித் தேன் இறக்க முடிந்தது. அடை சிதையாததால் அதையே திருப்பி வைக்கலாம். மலிவான பெட்டி, உள்ளூர் இந்தியத் தேனீ, நிலமே இல்லாதவரும் வேலியோரத்தில் வைக்கலாம்: இந்த மூன்றும் பொருந்தியதால்தான் ஹாட்ச் போனபிறகும் தொழில் நிலைத்து நின்றது என்று கருதலாம். அவர் பின்னர் மெக்சிகோவில் இதே முறையில் பணியாற்றி, இரு நாட்டு அனுபவத்தையும் 1949இல் நூலாக்கினார்.

இப்பகுதித் தேனில் கணிசமான பங்கு ரப்பர் தோட்டங்களில் கிடைப்பது. இலையுதிர்ந்து தளிர்விடும் பருவத்தில் ரப்பர் இலைக்காம்பில் சுரக்கும் இனிப்பையே தேனீ உறிஞ்சுகிறது. பூவுக்கு இதில் வேலையில்லை. 1990களின் தொடக்கத்தில் தாய்லாந்து சாக்புரூட் என்னும் வைரஸ் நோய் பரவி, தென் தமிழகத்திலும் கேரளத்திலும் ஏராளமான கூடுகள் அழிந்தன. மீண்டெழுந்த மார்த்தாண்டம் தேனுக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது.